ஐந்து நாளில் ஒரு சட்டம்!

கருவறையில் நின்று புரோகிதர் புரியாத மொழியில் முணுமுணுக்க, வெளியே நிற்போர் பொருளறியாது கன்னத்தில் போட்டுக்கொள்வதைக் கண்டு நகைக்கிறோம். "ஏன் என்று கேள்!" என்கிறோம். அதே கேள்வியை டில்லிப் பாராளுமன்றத்தை நோக்கியும் எழுப்ப வேண்டாமா?

2022 ஆகஸ்ட் 3ஆம் நாள் எரிசக்திச் சேமிப்புத் திருத்த மசோதா மக்களவையில் வைக்கப்பட்டது. 8ஆம் நாள் நிறைவேறிற்று! எந்தக் குழுவும் அதை ஆராயவில்லை. "ஆம்" என்றது ஒரு முழக்கம், முடிந்தது வேலை. குரல் வாக்கு! யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்பதற்கு ஏட்டில் பெயரில்லை. டிசம்பர் 12இல் மாநிலங்களவையும் அவ்வாறே தலையசைத்தது.

விந்தை கேளுங்கள்! அதே ஆகஸ்ட் 8இல், அதே அமைச்சர் ஆர்.கே.சிங், மின்சாரத் திருத்த மசோதாவையும் கொணர்ந்தார். ஒரே ஊரில், ஒரே கம்பியில், பல நிறுவனங்கள் மின்சாரம் விற்க வழிகோலும் மசோதா. உழவருக்கு இலவச மின்சாரம் வழங்கும் தமிழகம் வாளாவிருக்குமா? எதிர்ப்பு எழுந்தது, மசோதா நிலைக்குழுவுக்குப் போயிற்று, 2024இல் மக்களவை கலைந்தபோது காலாவதியாயிற்று. கட்டண உயர்வு என்றால் சட்டைப்பைக்கு உடனே தெரிகிறது. புகையோ மெல்லக் கொல்வது. அதற்காக அவை அதிரவில்லை.

நிறைவேறிய சட்டம் செய்வதென்ன? கார்பன் வாணிபத்திற்குக் கடை விரிக்கிறது. தனக்குரிய அளவை மீறிய ஆலை, அளவுக்குள் நின்ற வேறோர் ஆலையிடம் சான்றிதழ் வாங்கிக் கணக்கை நேர்செய்து கொள்ளலாம். அதன் திட்ட விவரமேனும் அவையின் முன் வந்ததா? இல்லை! 2023 ஜூனில் அரசிதழ் அறிவிப்பாக வந்தது. சான்றிதழ் நாடு சுற்றும், புகை நகருமா?

வடசென்னையைக் கேளுங்கள். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை எரிந்தது. அத்திப்பட்டில் வடசென்னை நிலையம் 1994 முதல் எரிகிறது. நிலக்கரி கப்பலில் வருகிறது. மின்சாரம் கம்பியேறிப் போகிறது. சாம்பல் மட்டும் போவதில்லை! கொசத்தலையாற்றில் சேறாய்ப் படிகிறது. இறால் தேடி ஆற்றில் இறங்கும் காட்டுக்குப்பத்து மீனவன் காலுக்கடியில் அந்தச் சேறு. (இந்நிலையங்களை நடத்துவது மாநிலத்தின் மின் நிறுவனமே. அதையும் கேட்போம், நம்மவர் என்பதற்காக விடமாட்டோம்.)

"நாடு முழுவதும் ஒரே மின்வலை; பொதுச் சட்டம் வேண்டாமா?" என்பர். வேண்டும். தென்னக மின்வலை 2013 இறுதியில் வடக்கோடு இணைந்ததை மறுப்பாரில்லை. மின்சாரம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. ஆயினும் முரண்பாடு எழுந்தால், பெரும்பாலும் மத்தியச் சட்டமே வெல்லும் என்கிறது அரசியல் சட்டத்தின் 254ஆம் பிரிவு. வெல்லும் கை எதுவென்று முன்பே முடிவான ஆட்டத்தில், ஆட்டத்தையாவது நிதானமாக ஆட வேண்டாமா? 2001 ஆகஸ்டில் வந்த மின்சார மசோதா நிலைக்குழு சென்று திரும்பி, 2003இல்தான் சட்டமாயிற்று. வானம் இடிந்து விழவில்லையே!

நிலைக்குழு மக்களிடம் கருத்துக் கேட்கலாம், சாட்சிகளை அழைக்கலாம். இராயபுரத் தொழிலாளியும் எண்ணூர் மீனவனும் சட்டத்தினுள் நுழைய இருக்கும் வாயில் அதுதான். அதை அடைத்துவிட்டா அவசரம் அவசரமாக முழக்கம்?

அடுத்த எரிசக்தி மசோதா வரும் நாளில், இளைஞர்களே, திருவொற்றியூர்த் தெருவுக்கு வரும் நாடாளுமன்ற உறுப்பினரை நிறுத்திக் கேளுங்கள்: குழுவுக்கு அனுப்பச் சொன்னீரா? தலையெண்ணி வாக்கெடுக்கக் கோரினீரா?