இரண்டு சிறு காசுகள்



உரோமை ஆட்சிக் காலத்தில் யூதேயாவின் கடைத்தெருக்களில் ஏழைகளிடையே கைமாறியவை சின்னஞ்சிறு வெண்கலக் காசுகளே. அவற்றுள் இரண்டினைப் புனித மாற்கு தம் நற்செய்தியில் நமக்கெனக் காத்து வைத்துள்ளார் (12:41-44).

எருசலேம் ஆலயத்தில் ஏழைக் கைம்பெண் காணிக்கையாக இட்ட காசின் பெயர் லெப்தோன். அதனினும் சிறிய காசு அன்று புழக்கத்தில் இல்லை. கி.மு. 103 முதல் 76 வரை யூதேயாவை ஆண்ட அலெக்சாந்தர் யன்னேயு மன்னன் வெளியிட்ட சிறு காசுகள், ஆண்டவரின் காலத்திலும் புழங்கின. ஒருபுறம் நங்கூரமும் மறுபுறம் விண்மீனும் பொறித்த அக்காசுகள் திருநாட்டு மண்ணில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அவற்றுள் பல ஒரு கிராம் எடைகூடத் தேறா.

இரண்டு லெப்தோன் சேர்ந்தால் உரோமையரின் ஒரு கொதிராந்து என்று மாற்கு விளக்குகிறார். நான்கு கொதிராந்து ஓர் அஸ். 16 அஸ் ஒரு தெனாரியம். தெனாரியமோ கூலியாளின் ஒரு நாள் ஊதியம் (மத் 20:2). ஆகவே அக்கைம்பெண் இட்டது ஒரு நாள் கூலியில் 64-இல் ஒரு பங்கு!

அவள் கையில் இருந்தவை இரண்டு காசுகள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஒன்றை இட்டு மற்றதை வைத்துக்கொண்டிருக்கலாம். பாதியைக் கொடுத்தாலே அது பெருங்கொடையன்றோ? அவளோ இரண்டையும் இட்டாள்.

இந்நிகழ்ச்சியைச் சொல்லி மக்களிடம் காணிக்கை கேட்பது எம்போன்ற குருக்களுக்கு எளிது. ஆனால் இதற்கு முந்திய வசனத்தில், கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞரை ஆண்டவர் கடுமையாகக் கண்டிக்கிறார். எனவே இந்நற்செய்தி காணிக்கை இடுவோருக்கு மட்டுமன்று, அதை எண்ணிச் செலவிடும் பங்குக் குருவுக்கும் பங்குப் பேரவையினருக்கும் உரியது.

ஞாயிறுதோறும் உண்டியலைக் கொட்டி எண்ணும்போது, நோட்டுகளை அடுக்கிவிட்டுச் சில்லறையை ஓரமாக ஒதுக்குகிறோம். அச்சில்லறையில் ஒருவரின் ஒருவேளை உணவு அடங்கியிருக்கலாம். திருவிழா அலங்கார விளக்குகளுக்குத் தொகை ஒதுக்குமுன், நம் பங்கிலுள்ள கைம்பெண்களின் வீடுகளில் அடுப்பு எரிகிறதா என்று பேரவை கேட்கட்டும். காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்திருந்த ஆண்டவர், இடுவோரை நோக்கியதுபோலவே எடுப்போரையும் நோக்குகிறார்.