சிமுலேட்டர்ல பறந்தாச்சா? உடனே வண்டிய எடுக்காதீங்க!

1/ லீவுக்கு மாமல்லபுரம் போறவங்க, ஈசிஆர் தீம் பார்க்குல விமான சிமுலேட்டர், விஆர் ரைடுன்னு ஏறுவீங்க. தாராளமா ஏறுங்க. என் கவலை இறங்கின பிறகுதான்.

2/ திரையைப் பார்க்கும் கண், "பறக்குறோம்"னு சொல்லும். உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு, "உக்காந்துதானே இருக்கோம்"னு சொல்லும். இந்தக் குழப்பம்தான் தலைசுற்றல், குமட்டல், வியர்வை.

3/ 1950களிலேயே அமெரிக்க ஹெலிகாப்டர் சிமுலேட்டரில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். மாணவர்களைவிட அனுபவமுள்ள பைலட்டுகளுக்குத்தான் அதிகம் வந்தது! நிஜ விமானம் எப்படி அசையும்னு அவங்க மூளைக்கு அத்துப்படி. அதனால "எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது"ன்னு யாரும் நினைக்க வேண்டாம்.

4/ பெரும்பாலானவர்களுக்குச் சீக்கிரம் சரியாகிடும். சிலருக்குச் சில மணி நேரம் தள்ளாட்டம் இருக்கும். அந்த நிலைமையில ஈசிஆர்ல பைக் ஓட்டுறது ஆபத்து.

5/ கர்ப்பிணிகள், வலிப்பு, இதய நோய் உள்ளவர்கள் ஏறக்கூடாதுன்னு போர்டு வைக்கிறாங்க. "இறங்கியதும் வண்டி ஓட்டாதீர்கள்"னு ஒரு வரியும் சேர்க்கணும் என்பது என் கருத்து.

6/ அதுவரைக்கும், வண்டி ஓட்டப் போறவர் ரைடைத் தவிர்க்கலாம். ஏறிட்டா, கொஞ்ச நேரம் கடல் காத்துல உக்காருங்க. தலை தெளிஞ்ச பிறகு சாவியை எடுங்க. மறுநாளும் சுத்தினா டாக்டரைப் பாருங்க.