மூளை முடக்குவாதத்துடன் வாழும் பெரியவர்களுக்கு வாழ்நாள் முழுதும் இயன்முறை சிகிச்சை: ஜொகூர் மாநில அதிகாரிகளுக்குக் கோரிக்கை மனு

பெறுநர்:
இயக்குநர், ஜொகூர் மாநிலச் சுகாதார இலாகா
இயக்குநர், ஜொகூர் மாநிலச் சமூக நல இலாகா

பொருள்: பள்ளிப் பருவத்துக்குப் பின்னும் இயன்முறை சிகிச்சை தொடர மாவட்ட அளவில் நிரந்தர ஏற்பாடு கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

செரிபரல் பால்சி எனப்படும் மூளை முடக்குவாதத்துடன் வாழும் பெரியவர்களும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தாரும் சேர்ந்து நடத்தும் எங்கள் சங்கம், ஒரே வேண்டுகோளை முன்வைத்து இந்த மனுவை அனுப்புகிறது. இந்த நிலையில் பிறந்த ஒருவருக்குச் சிறுவயதில் கிடைக்கும் பிசியோதெரபி என்ற இயன்முறை சிகிச்சை, அவர் பெரியவரானதும் அறுந்துபோகாமல் வாழ்நாள் முழுதும் தொடர வேண்டும். இதற்காகப் புதிய கட்டடமோ புதிய சட்டமோ கேட்கவில்லை. எந்த அளவுகோலை வைத்து ஒருவரைச் சிகிச்சைக்கு ஏற்கிறோம், எந்த அளவுகோலை வைத்து 'இனி வர வேண்டாம்' என்று முடிக்கிறோம் என்பதைத்தான் மாற்றக் கேட்கிறோம். அது ஏன் தேவை என்பதை விளக்கவே இந்த மனு சற்று நீள்கிறது, பொறுத்தருள வேண்டும்.

கருவிலோ பிரசவ நேரத்திலோ பிறந்த சில காலத்துக்குள்ளோ மூளைக்கு ஏற்பட்ட பாதிப்புதான் மூளை முடக்குவாதம். அந்தப் பாதிப்பு வளர்வதில்லை. மருத்துவ நூல்கள் எல்லாம் சொல்லும் இந்த உண்மையே, பெரியவர்களை மறந்துவிடுவதற்கும் காரணமாகிவிட்டது. வளராத நோய்க்குத் தொடர் சிகிச்சை எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் மூளையில் உள்ள காயம் அப்படியே இருந்தாலும், அந்த மூளைக்குக் கட்டுப்பட்ட உடல் அப்படியே இருப்பதில்லை. எப்போதும் இறுகிக் கிடக்கும் தசை, எலும்பையும் மூட்டையும் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கிறது. முழங்கால் நீட்ட வராமல் மடங்கி நிற்கிறது, இடுப்பு மூட்டு இடம் விலகுகிறது, முதுகெலும்பு வளைகிறது, கோணலான நடையின் பாரம் தாங்காமல் மூட்டுகள் வயதுக்கு முன்பே தேய்கின்றன. சுவீடனில் 221 பெரியவர்களிடம் நடத்தி 2001-இல் வெளியிட்ட ஆய்வில், 35 விழுக்காட்டினர் தங்கள் நடக்கும் திறன் குறைந்துவிட்டதாகச் சொன்னார்கள். 9 விழுக்காட்டினர் நடப்பதையே நிறுத்தியிருந்தார்கள். இத்தகைய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2014-இல் வந்த ஆய்வும், குறைந்தது நான்கில் ஒருவருக்கு நடை தளர்கிறது என்றே கண்டது. இந்தத் தளர்ச்சி முதுமையில் வருவதன்று. மற்றவர்கள் வேலை, குடும்பம் என்று ஓடியாடும் இருபதுகளிலும் முப்பதுகளிலுமே தொடங்கிவிடுகிறது. கூடவே, பாதிக்கும் மேற்பட்டோரிடம் நாள்பட்ட வலி காணப்படுகிறது.

நம் சேவைகளோ குழந்தையை மனத்தில் வைத்து உருவானவை. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பினாங்கிலும் சிலாங்கூரிலும் இதற்காகத் தோன்றிய தொண்டு சங்கங்களின் பெயரிலேயே 'குழந்தைகள்' என்ற சொல் இருக்கிறது. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் 1957-இல் தொடங்கிய சங்கமும் அப்படித்தான் பெயர் பெற்றது. பிற்காலத்தில் அது 'குழந்தைகள்' என்பதை விட்டுவிட்டு நோயின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. அன்று சங்கம் கண்டவர்கள் குழந்தைகளையே கண்டார்கள்; அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தக் குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள். சிறப்புக் கல்வி 19 வயதோடு முடிகிறது. குழந்தை மருத்துவப் பிரிவு அதற்கு முன்பே விடை கொடுத்துவிடுகிறது. அதன்பின் பெரியவர்களுக்கான பிரிவுக்குப் போனால், அங்குள்ள முறை வேறு. பக்கவாதம் வந்தவர், விபத்தில் கால் முறிந்தவர், மூட்டு மாற்றிக்கொண்டவர் ஆகியோரை நினைத்து அமைத்த முறை அது: சில வாரச் சிகிச்சை, முன்னேற்றத்தை அளத்தல், முன்னேற்றம் நின்றதும் டிஸ்சார்ஜ். மீண்டெழும் நோயாளிக்கு இது பொருந்தும். இருப்பதைக் காத்துக்கொள்வதே வெற்றி என்றிருப்பவருக்குப் பொருந்தாது. கடந்த ஆண்டு பத்து அடி நடந்தவர் இந்த ஆண்டும் பத்து அடி நடக்கிறார் என்றால், ஏட்டில் அது 'முன்னேற்றம் இல்லை' என்று பதிவாகிறது. அவருடைய வாழ்க்கையில் அது பெரிய சாதனை.

இதே சுகாதார அமைச்சின் கிளினிக்குகளில் நீரிழிவு நோயாளியை எப்படிக் கவனிக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். சர்க்கரை அளவு ஏறாமல் நிற்கிறது என்பதற்காக அவருடைய அட்டையை யாரும் மூடுவதில்லை. நின்றதையே நல்ல செய்தியாக எழுதி, அடுத்த தேதியைக் குறித்துக் கொடுக்கிறார்கள். ஆண்டுதோறும் கண்ணையும் காலையும் பார்க்கிறார்கள். மூளை முடக்குவாதத்தையும் இப்படி ஒரு நாட்பட்ட நிலையாகக் கருத வேண்டும் என்பதே எங்கள் வாதத்தின் சாரம். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2019-இல் இந்நிலையிலுள்ள பெரியவர்களுக்கென்றே தனி மருத்துவ வழிகாட்டி வெளியிட்டது. சிக்கலான தேவையுடையோரை ஆண்டுதோறும் மறுபரிசோதனை செய்ய வேண்டும் என்கிறது அது. சுவீடனில் 1994-இல் குழந்தைகளின் இடுப்பு மூட்டைக் கண்காணிக்கத் தொடங்கிய பதிவேடு, பின்னர் பெரியவர்களையும் சேர்த்துக்கொண்டது.

சட்டமும் எங்கள் பக்கம்தான் நிற்கிறது. 2008-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம் (சட்டம் 685) மறுவாழ்வுச் சேவையையும் சுகாதாரச் சேவையையும் பற்றித் தனிப் பிரிவுகள் கொண்டது. கடும் குறைபாடுடையோருக்கு வாழ்நாள் பாதுகாப்பு என்றே அதன் 38-ஆம் பிரிவு பேசுகிறது. மலேசியா 2010-இல் உறுதிப்படுத்திய ஐ.நா. மாற்றுத் திறனாளிகள் உடன்படிக்கையின் 26-ஆம் விதி, ஒருவர் சுயமாக இயங்கும் ஆற்றலை அடைவதோடு அதைத் தக்கவைத்துக்கொள்ளவும் அரசு துணைநிற்க வேண்டும் என்கிறது. அந்தச் சேவை கிராமப்புறம் உட்பட அவரவர் வாழும் இடத்துக்கு இயன்றவரை அருகில் கிடைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 'தக்கவைத்தல்' என்ற அந்தச் சொல்லைத்தான் டிஸ்சார்ஜ் விதி மறந்துவிட்டது.

மாற்றுத் திறனாளிகளுக்கான ஓகேயு அட்டை உள்ளவருக்கு அரசாங்க மருத்துவமனையில் கட்டணம் ஒரு பிரச்சினையே அல்ல. அதற்காக நன்றி சொல்கிறோம். தடையாக நிற்பது தூரம். ஜொகூரின் பத்து மாவட்டங்களில் சிகாமட் மாநிலத் தலைநகரிலிருந்து 170 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. மெர்சிங் சுமார் 130 கிலோமீட்டர். நிபுணத்துவ மருத்துவர்களும் அதிகமான சிகிச்சையாளர்களும் பெரிய மருத்துவமனைகளில்தான் இருக்கிறார்கள். பெக்கோக், சாஆ, ரெங்கம், லாயாங் லாயாங் போன்ற பழைய தோட்டப்புற ஊர்களில் வாழும் குடும்பத்துக்கு, தானாக நிற்க முடியாத பெரியவரைக் காரில் ஏற்றி இறக்க இரண்டு பேர் வேண்டும். குழந்தையாக இருந்தபோது தூக்கிச் சென்ற தாய்க்கு இன்று அறுபது வயது. அரை மணி நேரச் சிகிச்சைக்காக ஒரு நாள் கூலி போகிறது. வருகை குறைகிறது, குறைந்தவுடன் 'தொடர்ந்து வரவில்லை' என்று பெயர் நீக்கப்படுகிறது. மீண்டும் சேர வேண்டுமானால் புதிய பரிந்துரைக் கடிதம், புதிய காத்திருப்பு.

இனி, எங்களுக்குச் சொல்லப்படக்கூடிய மறுப்புகளுக்கு வருகிறோம். முதலாவதும் வலுவானதும் ஆள் பற்றாக்குறை. சிங்கப்பூர்ச் சம்பளம் இழுக்கும் இந்த மாநிலத்தில் பயிற்சி பெற்றவர்களை நிறுத்திவைப்பது எவ்வளவு கடினம் என்பதை நாங்கள் அறிவோம். இருக்கும் சிலரும் பக்கவாதம் வந்தவரைக் கவனிக்கவே நேரம் போதாமல் திணறுகிறார்கள். ஆனால் நாங்கள் கேட்பது ஒவ்வொருவருக்கும் வாரந்தோறும் ஆயுள் முழுதும் சிகிச்சை அன்று. ஆண்டுக்கு ஒரு முழுமையான மறுபரிசோதனை. தளர்ச்சி தெரிந்தால் ஆறு அல்லது எட்டு வாரத் தொடர் சிகிச்சை. இடைப்பட்ட மாதங்களில் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியைக் குடும்பத்தாருக்குக் கற்றுக்கொடுத்தல். கால்தாங்கியும் சக்கர நாற்காலியும் உடலுக்கு இன்னும் பொருந்துகின்றனவா என்று பார்த்தல். அவ்வளவுதான். ஜொகூரின் மக்கள் தொகை சுமார் 40 லட்சம். உலக அளவில் ஆயிரம் பிறப்புக்கு ஏறக்குறைய இரண்டு பேர் என்று சொல்லப்படுகிறது. பெரியவர்களில் ஆயிரத்துக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டால், மாநிலம் முழுவதும் சில ஆயிரம் பேருக்கு மேல் போகாது. அவர்களைப் பத்து மாவட்டங்களுக்கும் ஓர் ஆண்டின் வேலை நாள்களுக்கும் பகிர்ந்து பார்த்தால், அது தூக்க முடியாத சுமையாகத் தெரியவில்லை. மறுபக்கம், நடை நின்று படுக்கையில் விழுந்தவருக்கு வரும் படுக்கைப் புண், நெஞ்சுச் சளி, எலும்பு முறிவு ஆகியவற்றுக்கான வார்டு நாள்களும் இதே மாநிலத்தின் கணக்கிலிருந்துதான் போகின்றன.

பெரியவர்களுக்குப் பிசியோதெரபி பலன் தரும் என்பதற்குச் சான்று போதாது என்பது இரண்டாவது மறுப்பு. இதை நேர்மையாகவே ஏற்றுக்கொள்கிறோம். நடந்த ஆய்வுகள் சிறியவை. உடற்பயிற்சியால் நடைவேகம் பெரிதாகக் கூடியதாக அவை காட்டவில்லை. ஆயினும் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் சில வாரங்களில் என்ன கூடியது என்றே அளந்தன. எது குறையாமல் நின்றது என்பதை அறியப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு நோயாளி பதிவில் இருக்க வேண்டும். பதிவிலிருந்து எடுத்துவிட்ட பிறகு சான்று எங்கிருந்து வரும்? மேலும், கழுத்துத் தண்டுவடம் நெருக்கப்படுவது போன்ற ஆபத்தான மாற்றங்கள் சில பெரியவர்களுக்கு உண்டு. 'பிறவியிலேயே இப்படித்தான்' என்று அவை ஒதுக்கப்படாமல், உரிய நேரத்தில் மருத்துவரிடம் அனுப்ப, ஆண்டுக்கு ஒருமுறையாவது உடலைத் தொட்டுப் பார்க்கும் பயிற்சி பெற்ற கை வேண்டும்.

சமூக அடிப்படையிலான மறுவாழ்வு மையங்கள், அதாவது பி.டி.கே. இருக்கின்றனவே என்றும் கேட்கலாம். 1984-இல் திரங்கானுவின் பத்து ராகிட்டில் தொடங்கி நாடெங்கும் பரவிய அந்த மையங்களின் தொண்டை மதிக்கிறோம். ஆனால் அங்கு முழுநேரம் பணியாற்றுவோர் பெரும்பாலும் பயிற்றுநர்கள். இயன்முறை சிகிச்சையாளர் வெளியிலிருந்து வந்துபோகிறவர். மலாக்காவில் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ நடத்தும் துன் ரசாக் மறுவாழ்வு மையம் சிறந்த வசதிகள் கொண்டது. எனினும் அது சந்தா செலுத்திய தொழிலாளர்களுக்காக எழுந்தது. பிறவியிலேயே முடக்கப்பட்டு ஒரு நாளும் வேலைக்குப் போக வாய்ப்பில்லாதவருக்கு அதன் கதவு திறப்பதில்லை. சுகாதார அமைச்சின் மறுவாழ்வு மருத்துவமனை சிராசில் இருக்கிறது. மெர்சிங்கிலிருந்து அங்கே போய்வரச் சொல்வது நியாயமாகாது.

வீட்டுக்கே சென்று கவனிக்கும் சேவையைச் சுகாதார அமைச்சு 2014 முதல் சில கிளினிக்குகள் வழி நடத்திவருகிறது. அது நல்ல தொடக்கம். ஆனால் படுக்கையோடு படுக்கையாகிவிட்டவருக்குத்தான் அது உரியது. அதுவும் குறுகிய காலத்துக்கு. படுக்கையில் விழாமல் காப்பதற்கும் அதே குழு போக வேண்டாமா? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறது. ஜொகூரைவிடப் பல மடங்கு மக்கள் தொகை கொண்ட மாநிலத்தில் அது நடக்கிறது.

ஆகவே மாநிலச் சுகாதார இலாகாவை நாங்கள் வேண்டுவது: மூளை முடக்குவாதத்துடன் வாழும் பெரியவரை ஒவ்வொரு மாவட்டத்திலும் நாட்பட்ட நோயாளிப் பட்டியலில் சேர்த்து, ஆண்டு மறுபரிசோதனைக்குத் தேதி தர வேண்டும், 'முன்னேற்றம் இல்லை' என்ற ஒரே காரணத்துக்காக எவரையும் டிஸ்சார்ஜ் செய்யக் கூடாது, ஒருமுறை பதிவானவர் புதிய பரிந்துரைக் கடிதம் இல்லாமலே திரும்பி வர வழி இருக்க வேண்டும். குழந்தைப் பிரிவிலிருந்து பெரியவர் பிரிவுக்கு மாறும்போது, பெறும் சிகிச்சையாளர் பெயரும் முதல் தேதியும் கையில் தரப்பட்ட பிறகே பழைய கோப்பு மூடப்பட வேண்டும். வீட்டுச் சேவையின் தகுதி விதியில், எழுந்து நடமாட உதவி தேவைப்படுவோரையும் சேர்க்க வேண்டும். சமூக நல இலாகாவை வேண்டுவது இரண்டு. ஓகேயு பதிவில் இந்நிலை உடற்குறை பிரிவுக்குள் அடங்கிவிடுவதால், எத்தனை பெரியவர்கள் எந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள் என்பது வெளியே தெரிவதில்லை. அந்த எண்ணிக்கையைத் தனியாகத் தொகுத்துச் சுகாதார இலாகாவுடன் பகிர வேண்டும். சிகிச்சைக்குப் போய்வரும் வாகனச் செலவுக்குத் தொலைதூர மாவட்டக் குடும்பங்களுக்கு உதவ வேண்டும். இவற்றை ஒரே நாளில் பத்து மாவட்டங்களிலும் செய்ய இயலாவிட்டால், சிகாமட்டிலும் மெர்சிங்கிலும் ஓராண்டு நடத்திப் பாருங்கள். பட்டியல் தயாரிக்கவும், குடும்பங்களை அழைத்து வரவும், மலாய், தமிழ், சீன மொழிகளில் பயிற்சிக் குறிப்புகளைக் கொண்டு சேர்க்கவும் எங்கள் தொண்டர்கள் ஊதியமின்றி உழைப்பார்கள்.

இம்மனுவுக்கு அறுபது நாள்களுக்குள் எழுத்துவழிப் பதில் தருமாறும், இரு இலாகாக்களும் சேர்ந்து எங்களை நேரில் சந்திக்க ஒரு நாள் ஒதுக்குமாறும் பணிவோடு வேண்டுகிறோம். வருகிறவர்களில் பாதிப் பேர் சக்கர நாற்காலியில் வருவார்கள். அதற்கேற்ற அறையில் சந்திப்பை வைக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்கத்தின் தலைவர், செயலாளர், செயலவையினர்
ஜொகூர் பாரு