காதைச் சும்மா விடுங்க சாமி!

டெல்லியில கன்னாட் பிளேஸ் பக்கமோ பழைய டெல்லி பக்கமோ சுத்தினவங்க பார்த்திருப்பீங்க. தலையில சிவப்புத் துணி, அதுல சொருகின மெல்லிய கம்பி, கையில பஞ்சு. "கான் ஸாஃப்"னு கேட்டுகிட்டே வருவாங்க. பரம்பரைத் தொழில்.

நம்ம ஆளுங்க அதைப் பார்த்து முகம் சுளிப்பாங்க. "சே, நடுரோட்டுல உக்காந்து காதைக் குடுக்கிறான் பாரு!" சரி, அப்படிச் சொன்னவர் வீட்டுல குளிச்சு முடிச்சதும் என்ன பண்றார்? பஞ்சுக்குச்சியை விட்டு ஒரு சுத்து. குச்சி கிடைக்கலைன்னா ஊக்கு, ஹேர்பின், வண்டிச் சாவி. ரோட்டுக்காரராவது காதுக்குள்ள எட்டிப் பார்த்துட்டுக் கம்பியை விடறார். நம்மாளு கண்ணை மூடிகிட்டு சுகமா விடறார்! ரெண்டுமே ஆபத்துதான். ஆனா முகம் சுளிக்கிற தகுதி நமக்கு இல்லை.

முதல்ல ஒண்ணு. குறும்பி அழுக்கே இல்லை. காதுக் குழாயோட வெளிப்பக்கத்துல இருக்கிற சுரப்பிகள் உண்டாக்கற காவல் அது. தூசியைப் பிடிக்கும், தோல் வறண்டு போகாம காக்கும், கிருமியைத் தடுக்கும். உள்ளே இருக்கிற தோல் மெதுவா வெளியே நகர்ந்துகிட்டே இருக்கும், குறும்பியையும் கூட இழுத்துட்டு வந்துடும். நாம பேசறதும் மெல்லறதும் அதுக்கு ஒத்தாசை. பெரியவங்களுக்கே அந்தக் குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான், அதோட முடிவுல செவிப்பறை. வெளியே வர்றதைக் குச்சியால உள்ளே தள்ளி இடிச்சு அடைக்கிறதுக்குப் பேர் சுத்தமா? பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

2022 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் குச்சி வச்ச இயர்பட்ஸுக்கு நாடு முழுக்கத் தடை. நல்லதுதான். ஆனா அது குப்பைக்காகப் போட்ட தடை, காதுக்காக இல்லை. இப்ப காகிதக் குச்சியிலயும் மூங்கில் குச்சியிலயும் அதே குத்து தொடருது. காதுக்குள்ள விடாதீங்கன்னு பல டப்பாக்கள்ல அச்சடிச்சே விக்கிறாங்க. யார் படிக்கிறது?

என் கோபம் இதோட நிக்கலை. பேரப்பிள்ளையைப் பார்த்துக்க ஊர்லேர்ந்து வந்திருக்கிற அம்மா அப்பாவை நினைச்சுப் பாருங்க. இந்தி தெரியாது, பக்கத்து வீட்டுல பேச்சுத்துணை கிடையாது. டிவியும் போனும் நம்ம பேச்சும்தான் உலகம். அந்தக் காதும் அடைச்சா? "அம்மாவுக்கு காது மந்தம், வயசாச்சுல்ல"ன்னு தீர்ப்பு எழுதிட்டு, டிவி சத்தத்துக்கு சண்டையும் போடறோம். வயசானா குறும்பி காய்ஞ்சு அடைக்கிறது சகஜம். காதுக் கருவி மாட்டினவங்களுக்கு இன்னும் அதிகம். டாக்டர் லைட் அடிச்சுப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். குறும்பிதான் காரணம்னா எடுத்த அன்னிக்கே நல்லா கேட்கலாம். இல்லைன்னா செவித்திறன் சோதனை பண்ணட்டும். டாக்டர்கிட்ட இந்தியில அவங்களால சொல்ல முடியாது, நாமதான் கூடப் போகணும். அரைநாள் லீவு போட மனசில்லாம வயசு மேல பழியைப் போடறது என்ன நியாயம்?

அப்ப என்னதான் செய்யணும்? தொந்தரவு இல்லைன்னா ஒண்ணுமே செய்ய வேண்டாம். குளிச்சதும் வெளிக்காதைத் துண்டால துடைச்சா போதும். அடைப்பு இருந்தா, டாக்டரைக் கேட்டு, குறும்பி இளகறதுக்கான சொட்டு மருந்தை ஒருக்களிச்சுப் படுத்து சில நாள் விடலாம். அதுக்கும் போகலைன்னா உடம்புச் சூட்டுத் தண்ணியாலயோ உறிஞ்சும் கருவியாலயோ அவங்களே எடுப்பாங்க. வலி, சீழ், செவிப்பறையில ஓட்டை, முன்னாடி காதுல ஆபரேஷன், இதுல எது இருந்தாலும் சொட்டு மருந்தோ எண்ணெயோ தண்ணியோ எதையும் நீங்களா விடக்கூடாது. சர்க்கரை உள்ளவங்க கூடுதல் ஜாக்கிரதை. எரியற மெழுகுக் குழலைக் காதுல வைக்கிற வைத்தியம் சுத்த ஏமாத்து, தீக்காயம்தான் மிஞ்சும்.

முக்கியமா இன்னொண்ணு. ஒரு காது திடீர்னு கேட்காம போனா, குறும்பின்னு நீங்களா முடிவு கட்டாதீங்க. நரம்புக் கோளாறா இருக்கலாம். அன்னிக்கே ஓடுங்க, நாள் கடந்தா திரும்பக் கேட்கிற வாய்ப்பு குறையும்.

அந்தக் குச்சி டப்பாவை இன்னிக்கே பரண்ல போடுங்க. வர்ற சனிக்கிழமை அம்மாவைக் காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. என்ன நான் சொல்றது?