போடி ஏலக்காய் ஏலமும் டேட்டா சென்டர் 'செக்போஸ்ட்டும்'

ஏலக்காய்க்கு வாய்விட்டு விலை கேட்ட காலம் மலையேறிவிட்டது. போடிநாயக்கனூரிலும், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் உள்ள ஸ்பைசஸ் போர்டு மையங்களில் வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துதான் ஏலம் கேட்கிறார்கள். இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே நேரத்தில் பங்கேற்கும் கிளவுட் ஏலம் 2021-இல் வந்தது. கேட்ட விலை வழியில் தங்கிவிட்டால் சரக்கு அடுத்தவருக்குப் போய்விடும்.

கிளவுட் என்று சொன்னாலும் கணக்கு நடப்பது ஒரு டேட்டா சென்டரில். அங்கே சர்வர்களையும் சேமிப்புக் கருவிகளையும் இணைப்பவை நெட்வொர்க் சுவிட்சுகள். சாதாரண ஈதர்நெட்டின் பழக்கம் ஒன்று உண்டு: நெரிசலில் இடம் நிறைந்துவிட்டால் தரவுப் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிடும். அனுப்பியவர் மறுபடி அனுப்ப வேண்டியதுதான். இணையதளம் பார்ப்பவருக்கு அது தெரியாது. டிஸ்க்கில் எழுதக் காத்திருக்கும் டேட்டாபேஸுக்கு அது பெரிய இடி.

அதற்குத்தான் 'பிஎஃப்சி' எனும் முன்னுரிமை ஓட்டக் கட்டுப்பாடு. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் லாரி சிக்கினால் என்ன செய்வார்கள்? "மேல ஜாம், வண்டிய விடாதே" என்று அடிவாரத்து முந்தல் செக்போஸ்ட்டுக்குத் தகவல் போகும். சுவிட்சும் அப்படித்தான், இடம் நிறையும் முன்பே 'நிறுத்து' என்கிறது. பழைய முறை எல்லாப் போக்குவரத்தையும் நிறுத்தியது. பிஎஃப்சி அதை 8 வகுப்புகளாகப் பிரித்து, நெரிசலான வகுப்பை மட்டும் நிறுத்துகிறது.

ஆனால் தகவல் போவதற்குள் கிளம்பிவிட்ட ஜீப்புகளுக்கு மேலே நிற்க இடம் வேண்டுமே! சுவிட்சிலும் அதற்கென்று நினைவிடத்தை ஒதுக்கிவைக்க வேண்டும். கேபிள் நீளமும் வேகமும் கூடக்கூட இந்த ஒதுக்கீடும் கூட வேண்டும். இதை மறந்தால் 'இழப்பில்லாத' நெட்வொர்க் என்பது பெயரளவில்தான். சர்வரும் சுவிட்சும் ஒரே வகுப்பு எண்ணை வைத்திருப்பதும் அவசியம். சேமிப்புக்குப் பெரும்பாலும் 3.

அடுத்தது பங்கீடு, அதாவது 'இடிஎஸ்'. 10 ஜிகாபிட் பாதையில் சேமிப்புக்கு 50 சதவீதம், பயன்பாடுகளுக்கு 40, பேக்கப்புக்கு 10 என்று பிரித்தால், நெரிசலிலும் அவரவர் பங்கு உறுதி. ஒருவர் பயன்படுத்தாததை மற்றவர் எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் எல்லாவற்றையும் இழப்பில்லாததாக்கிவிடலாமே என்று தோன்றும். கூடாது. 'நிறுத்து' என்ற சொல் ஒரு சுவிட்சிலிருந்து இன்னொன்றுக்குப் பின்னோக்கிப் பரவும். பழுதான ஒரே ஒரு நெட்வொர்க் கார்டு ஓயாமல் அதைச் சொல்லி, சம்பந்தமில்லாத சர்வர்களையும் முடக்க முடியும் என்று மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் 2016-இலேயே எழுதினார்கள். தேவையான ஓரிரு வகுப்புகளோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இந்த ஏற்பாடெல்லாம் டேட்டா சென்டர் சுவரோடு முடிகிறது. போடியிலிருந்து அங்கே போகும் பொது இணையப் பாதையில் இப்படிச் செக்போஸ்ட் கிடையாது. ஆகவே ஏல மையத்துக்கு வெவ்வேறு வழியாக வரும் இரண்டு இணைப்புகளைக் கேட்பதுதான் வியாபாரிகளும் விவசாயிகளும் முதலில் செய்ய வேண்டியது.