ரேங்க் முக்கியமா? மார்க் முக்கியமா?



அரையாண்டுத் தேர்வு ரேங்க் கார்டு கொடுத்து ஒரு வாரம் ஆகிறது. அன்று முதல் என் பக்கத்து இடம் காலி. அங்கே உட்காரும் நண்பனுக்கு இருபது பேரில் பதினாறாவது ரேங்க். "பதினாறாவது ரேங்குக்கு எந்த காலேஜ்ல சீட்டு தருவாங்க? நான் எங்க அண்ணன்கூட கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போறேன்டா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் கேட்ட கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

முதல் விஷயம், தமிழ்நாட்டில் எந்த அரசுக் கல்லூரியும் வகுப்பில் உன் ரேங்க் என்ன என்று கேட்பதில்லை! பொறியியலுக்குக் கட்-ஆஃப் 200. கணக்கு 100க்கு, இயற்பியல் 50க்கு, வேதியியல் 50க்கு. இரண்டு பேருக்கு ஒரே கட்-ஆஃப் வந்தால்கூட கணக்கு மார்க், அடுத்து இயற்பியல் மார்க் என்றுதான் பார்க்கிறார்கள். மருத்துவத்துக்கு நீட் மார்க். கலை அறிவியல் கல்லூரிக்கு மொழிப்பாடம் போக மற்ற நான்கு பாடங்களின் மார்க். கொரோனாவால் 2021ல் பிளஸ் டூ தேர்வு நடக்கவில்லை. அப்போதும் பத்தாம் வகுப்பில் 50 சதவீதம், பதினொன்றில் 20, பன்னிரண்டில் 30 என்று மார்க்கைத்தான் கூட்டினார்கள். மாநில முதலிடம் அறிவிப்பதையே அரசு 2017ல் நிறுத்திவிட்டது. நாம்தான் இன்னும் ரேங்கைப் பிடித்துத் தொங்குகிறோம்.

என் கதையையும் சொல்கிறேன். நான் முதல் ரேங்க். எங்கப்பா ஜமுனாமரத்தூர் சந்தையில் பார்ப்பவரிடம் எல்லாம் சொல்லிவிட்டார். ஆனால் என் கட்-ஆஃப் என்ன? கணக்கு 71, இயற்பியல் 64, வேதியியல் 68. கூட்டினால் 71+32+34, அதாவது 137. கீழே போளூரிலோ திருவண்ணாமலையிலோ பதினைந்தாவது ரேங்க் எடுத்த ஒருவருக்கு 165 இருந்தால் அவர்தான் எனக்கு முன்னால் நிற்பார். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பது என் முதல் ரேங்குக்கும் பொருந்தும்!

என் நண்பனுக்குக் கணக்கு 66, இயற்பியல் 58, வேதியியல் 56. கட்-ஆஃப் 123. எனக்கும் அவனுக்கும் ரேங்கில் பதினைந்து படி வித்தியாசம். கட்-ஆஃபில் பதினாலே மார்க்! அவனைக் கீழே இழுத்தது இங்கிலீஷ். அதில் பாஸ் ஆனால் போதும், கட்-ஆஃபில் அது சேராது. இது தெரியாமலே மலை இறங்கிவிட்டான்.

ரேங்கைப் பார்க்கிற ஊரும் உண்டு. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் 1997ல் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு பள்ளியிலும் முதல் 10 சதவீதத்தில் வருபவர்களுக்கு மாநில அரசின் பல்கலைக்கழகங்களில் இடம் நிச்சயம் என்றது அந்தச் சட்டம். சின்ன ஊர்ப் பள்ளிக்கும் பெரிய நகரப் பள்ளிக்கும் ஒரே மரியாதை. கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் வகுப்பில் 10 சதவீதம் என்றால் இரண்டே பேர். அப்போது நான் என் நோட்டை யாருக்காவது கொடுப்பேனா? மூன்றாவது ரேங்க் எடுத்தவன் என்னோடு பேசுவானா?

நம் ஊர் முறையில் இருபது பேரும் சேர்ந்தே ஏறலாம். நீ பத்து மார்க் கூட வாங்கினால் என் மார்க் குறையாது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்தில் 2020ல் வந்தது, பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றில் 2021ல் வந்தது. பழங்குடியினருக்கு 1 சதவீதம் தனியாக உண்டு. அங்கேயும் மார்க்தான் பேசும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரேங்க் கார்டில் ரேங்குக்குப் பக்கத்தில் கட்-ஆஃபையும் எழுதிக் கொடுங்கள். வீட்டில் அப்பா, அம்மாவுக்கும் புரியும்.

நண்பர்களே, அவன் ஊர்க்காரர்கள் யாராவது போனில் பேசினால் சொல்லுங்கள். பொதுத்தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அவன் இடத்தில் யாரையும் உட்கார விடவில்லை. என் வேதியியல் நோட்டும் அவனுக்காகக் காத்திருக்கிறது.



– பன்னிரண்டாம் வகுப்பு மாணவன்