வலி தீர்க்கும் மருந்து உங்கள் தெருவில் கிடைக்குமா?

நோய் முற்றிவிட்டது. இனிக் குணமாகாது என்று டாக்டர்கள் கைவிரித்து விட்டார்கள். அப்புறம் நோயாளிக்கு என்ன வேண்டும்? வலி தெரியாமல் நாட்கள் கழிய வேண்டும். பக்கத்தில் சொந்தபந்தங்கள் இருக்க வேண்டும்.

இந்தப் பணிவிடைக்கு அமெரிக்காவில் "ஹாஸ்பிஸ்" என்று பெயர். 65 வயது கடந்தவர்களுக்கு "மெடிகேர்" என்ற அரசாங்கத் திட்டம் இதற்கான செலவை ஏற்கிறது. அதற்கான சட்டம் 1982-ல் வந்தது. நர்சு வீடு தேடி வருவார். கட்டிலும் மருந்தும் கிடைக்கும்.

ஆனால் நர்சு பெரும்பாலும் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார். இரவு பகலாகக் கண் விழிப்பது வீட்டார்தான்.

வீட்டாரிடம் கேள்வி

நோயாளி இறந்து சில மாதங்கள் ஆனபின், வீட்டாருக்கு ஒரு கேள்வித்தாள் வரும். 2015 முதல் இந்த ஏற்பாடு நடந்து வருகிறது.

"வலிக்கு வேண்டிய உதவி கிடைத்ததா? இரவிலும் விடுமுறை நாளிலும் உதவி கிடைத்ததா? இந்த நிலையத்தை மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்வீர்களா?" என்று கேட்கிறார்கள்.

சிலருக்குத் திருப்தி, சிலருக்கு மனக்குறை. குறைக்கு நிலையம் மட்டும்தான் காரணமா? இல்லை. அந்த வீடு இருக்கும் தெருவையும் பார்க்க வேண்டும்.

நியூயார்க்கில் கண்டது

கடும் வலிக்கு மார்பின் போன்ற மருந்து வேண்டும். அது நியூயார்க் நகரக் கடைகளில் போதிய அளவு இருக்கிறதா என்று டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். முடிவு 2000-ல் வெளிவந்தது.

வெள்ளையர் மிகுந்த பகுதிகளில் 100-க்கு 72 கடைகளில் இருந்தது. வெள்ளையர் அல்லாதவர் மிகுந்த பகுதிகளில் 100-க்கு 25 கடைகளில்தான் இருந்தது!

ஏன்? கேட்டு வருவோர் குறைவு, சட்டக் கெடுபிடி, திருட்டுப் பயம் என்று கடைக்காரர்கள் காரணம் சொன்னார்கள்.

டாக்டர் எழுதிய சீட்டு கையில் இருக்கிறது. கடையில் மருந்து இல்லை. நோயாளி துடிக்கிறார். அந்த வீட்டாருக்கு எப்படித் திருப்தி வரும்?

கேரளம் காட்டிய வழி

தெரு கைவிடவும் கூடும்; கைகொடுக்கவும் கூடும். கைகொடுத்ததற்கு நம் பக்கத்து மாநிலமே சாட்சி.

1993-ல் கோழிக்கோட்டில் வலி தணிக்கும் மருத்துவ நிலையம் ஒன்று தொடங்கியது. பிறகு மலப்புரம் மாவட்டத்தில் அக்கம் பக்கத்தாரே இந்த வேலையில் இறங்கினார்கள். பயிற்சி பெற்ற ஊர்க்காரர்கள் நர்சுடன் வீடு வீடாகப் போனார்கள். ஊரார் தந்த சிறு தொகைகளே செலவுக்கு உதவின. ஏழை வீடானால் அரிசியும், பிள்ளைகளின் படிப்புக்கு உதவியும் போய்ச் சேர்ந்தன. 2008-ல் கேரள அரசாங்கம் இதற்கென்று தனிக் கொள்கையே வகுத்தது.

டாக்டர் மருந்து எழுதலாம். அது நோயாளியின் வாய்க்குப் போய்ச் சேருவது தெருவின் கையில் இருக்கிறது.

ஆகவே, வீட்டில் தீராத நோயாளி இருந்தால் இரண்டு காரியம் செய்யுங்கள். வலிமருந்து வைத்திருக்கும் கடை எது, அது இரவில் திறந்திருக்குமா என்று பகலிலேயே விசாரியுங்கள். கூப்பிட்டால் ஓடிவரக்கூடிய பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.